பருவமழையைக் கணக்கில் கொண்டுவந்த சர் கில்பர்ட் வாக்கர்

புது தில்லி: தென்மேற்குப் பருவமழை எப்படி இருக்கும் என்ற முதல் கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் தில்லியில் வெளியிடுகிறது. பசிபிக் பெருங்கடலின் நிலவரம் அதில் தவறாமல் இடம்பெறும். எங்கோ இருக்கும் கடலுக்கும் தஞ்சை, விதர்ப்பா வயல்களுக்கும் என்ன தொடர்பு? இக்கேள்விக்கு முதலில் விடை தேடியவர், வானிலைப் படிப்பே இல்லாமல் இந்தியா வந்த ஒரு கணித அறிஞர்.

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1889-ல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங்கின் இயக்கத்தை ஆராய்வதில் அவருக்குத் தனி ஆர்வம் இருந்தது, நண்பர்கள் அவரை "பூமராங்' வாக்கர் என்றே அழைத்தனர்.

பஞ்சம் தந்த பாடம்

தமிழகம் தாது வருடப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கும் 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பிறகே, மழையை முன்கூட்டிக் கணிக்குமாறு ஆங்கில அரசு வானிலைத் துறையைப் பணித்தது. துறையின் முதல் தலைவர் பிளான்போர்ட், இமயமலைப் பனியின் அளவைக் கொண்டு கணித்தார். அடுத்து வந்த சர் ஜான் எலியட் காலத்தில், 1899-ல் கணிப்பு பொய்த்தது, மழையும் பொய்த்தது. மீண்டும் கொடிய பஞ்சம்.

இந்நிலையில் எலியட்டின் பொறுப்பு 1904-ல் வாக்கரிடம் வந்தது. அனுபவத்தை நம்பாமல் எண்களை நம்புவது என்று அவர் முடிவு செய்தார். உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, ஆற்று வெள்ளம் ஆகியவற்றின் பதிவேடுகளைத் திரட்டினார். கணிப்பொறி இல்லாத காலம். இந்திய எழுத்தர்கள் ஆண்டுக் கணக்கில் அமர்ந்து கையாலேயே கணக்கிட்டனர்.

சென்னையில் ஒரு கடிதம்

வாக்கருக்குத் தமிழகம் நன்றி சொல்ல வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1913 பிப்ரவரியில் சென்னை வந்த அவரிடம், துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் பணியாற்றிய எழுத்தர் ஒருவரின் கணக்கு ஏடுகள் காட்டப்பட்டன. அந்த எழுத்தர் சீனிவாச ராமானுஜன். வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை ராமானுஜனுக்குக் கிடைத்தது.

பருவநிலை மாறுகிறதா?

இன்று நாடாளுமன்றத்தில் எழும் இக்கேள்வி அன்றே எழுந்தது. தொடர் வறட்சியைக் கண்டவர்கள், காடழிப்பு போன்ற காரணங்களால் நாட்டின் மழையே நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று அஞ்சினர். வாக்கர் பழைய மழைப் பதிவேடுகளைப் புரட்டி, நிரந்தர மாற்றத்துக்குச் சான்று இல்லை என்று 1910-ல் அறிக்கை அளித்தார். கிடைத்த எண்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் அவர் கூறவில்லை.

அவரது பெரிய கண்டுபிடிப்பு 1920-களில் வந்தது. பசிபிக் பெருங்கடல் மீது காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. தராசுத் தட்டுகளைப் போன்ற இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தென்பகுதி அலைவு என்று அவர் பெயரிட்டார். 1924-ல் சர் பட்டம் பெற்று ஓய்வுபெற்ற அவர், பின்னர் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

தொடர்பைக் கண்டாரே தவிர, அதற்கான காரணத்தை அவரால் விளக்க முடியவில்லை. அவரது சூத்திரங்கள் சில, பின்னர் பலிக்காமலும் போயின. 1958 நவம்பர் 4-ல், 90-வது வயதில் அவர் மறைந்தபோது, அவரது முயற்சி முழுமை பெறவில்லை என்ற எண்ணமே அறிவியலாளரிடம் இருந்தது. ஆனால், 1957-58-ல் பசிபிக் கடல் அசாதாரணமாக வெப்பமடைந்தது. அந்த அளவீடுகளைக் கொண்டு 1969-ல் பியர்க்னஸ் என்ற அறிஞர், எல் நினோவும் வாக்கரின் அலைவும் ஒரே இயக்கத்தின் இரு முகங்கள் என்று விளக்கினார். பசிபிக் மீதான காற்றுச் சுழற்சிக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார்.

பதிவேடே சாட்சி

கணிப்பு இன்றும் தவறுவதுண்டு. 2002-ல் 101 சதவீத மழை எதிர்பார்க்கப்பட்டது. பெய்தது 81 சதவீதம். 2009-ல் 96 சதவீதம் என்ற ஏப்ரல் கணிப்புக்கு மாறாக 78 சதவீதமே கிடைத்தது. வலுவான எல் நினோ இருந்த 1997-லோ மழை குறையவே இல்லை.

பருவநிலை மாறவில்லை என்று 1910-ல் சொன்னவரை இன்று சிலர் துணைக்கு அழைக்கக்கூடும். அது பொருந்தாது. 1901-ல் தொடங்கும் தேசிய வெப்பநிலைப் பதிவில் மிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலைத் துறையே அறிவித்துள்ளது. எண்கள் மாறினால் முடிவும் மாற வேண்டும் என்பதே வாக்கரின் வழி. அதற்கு மழைமானியும் பதிவேடும் ஒரு நாளும் விடுபடாமல் காக்கப்பட வேண்டும். வானிலைத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டின்போது உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டியதும் இதுவே.