புலி ஏன் ஆட்கொல்லி ஆகிறது? வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் வாழ்க்கை சொல்லும் பதில்

பெருந்துறையில் இருந்து கோபி, சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரி போனால், அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம் மலைப்பாதை ஆரம்பிக்கிறது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, ராத்திரியில் பெரும்பாலான வண்டிகள் இந்தப் பாதையில் போக முடியாது. புலியும் யானையும் நடமாடுகிற நேரத்தில் மனுஷன் ஒதுங்கிக்கொள்ளணும், அவ்வளவுதான் கணக்கு.

எழுபது, எண்பது வருஷத்துக்கு முன்னால் நிலைமை தலைகீழ். அப்போது ஒதுங்க வேண்டியது காட்டு விலங்குதான். ஒதுங்காத புலி ஆளை அடித்துவிட்டால், துப்பாக்கிக்காரருக்குத் தகவல் போகும். அப்படித் தகவல் போன ஆட்களில் தென்னிந்தியாவில் மிகவும் பிரபலமானவர் கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரி, பென்னாகரம், திம்பம், சீகூர் என இன்றைய தமிழக வனப்பகுதிகள் பலவற்றில் சுற்றியவர். ராஜ்நகரா பக்கம் மாடு மேய்ப்பவர்களைக் குதறிய புலி பற்றியும் எழுதியிருக்கிறார்.

யார் இந்த ஆண்டர்சன்?

1910 மார்ச் 8-ம் தேதி, ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனால் குடும்பம் பல தலைமுறையாக இந்தியாவிலேயே இருந்தது. அப்பா ராணுவக் கணக்குத் துறை அதிகாரி. மகனுக்குத் துப்பாக்கி பிடிக்கவும் காட்டில் நடக்கவும் சொல்லிக்கொடுத்தது அவர்தான். பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளி, அடுத்து செயின்ட் ஜோசப் கல்லூரி. சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மனசு ஒட்டவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டார்.

பெங்களூருவில் தபால் தந்தித் துறையில் சுமார் 15 வருஷம் வேலை. பிறகு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவு மேலாளர். அதாவது வேட்டை அவருக்குச் சம்பளம் தந்த தொழில் இல்லை. தகவல் வந்தால் லீவு போட்டுவிட்டு, தன் பழைய ஸ்டூடிபேக்கர் காரில் கிளம்பிவிடுவார். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவார். டீக்கடையிலும் மாட்டுப்பட்டியிலும் உட்கார்ந்து தகவல் சேகரிக்க அது ரொம்பவே கைகொடுத்தது.

1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் சுட்டதாக அதிகாரபூர்வக் கணக்கு இருக்கிறது. உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகம் என்ற பேச்சும் உண்டு. வட இந்தியாவில் குமாவூன் மலைகளுக்கு ஜிம் கார்பெட் என்றால், தெற்கே இவர். கார்பெட்டின் முதல் புலிப் புத்தகம் 1944-ல் பரவலாக வெளிவந்தது. ஆண்டர்சனின் முதல் புத்தகம் பத்து வருஷம் கழித்து, 1954-ல்.

அந்த லீவர் ரைஃபிள்ல என்ன ஸ்பெஷல்?

ஆண்டர்சன் கதைகளைப் படித்தவர்களுக்கு மறக்காத ஒரு பெயர், .405 வின்செஸ்டர். அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895 மாடல் ரைஃபிள் அது. .405 தோட்டா 1904-ல் வந்தது.

இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். பதவிக்காலம் முடிந்த கையோடு 1909 ஏப்ரலில் மகன் கெர்மிட்டுடன் மொம்பாசாவில் போய் இறங்கினார். இன்றைய கென்யா, உகாண்டா, சூடான் வழியாக ஒரு வருஷம் வேட்டை. சிங்கத்துக்கு அவர் நம்பிய துப்பாக்கி இந்த லீவர் ரைஃபிள்தான். புல்வெளியில் மேயும் பெரிய மான் வகைகள் மீதும் அதைப் பயன்படுத்தினார். அப்பாவும் மகனும் சேர்ந்து சுட்டது 512 விலங்குகள். பெரும்பாலானவை அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்தப் பயணம் 1910 மார்ச்சில் சூடானில் முடிந்தது. ஆண்டர்சன் பிறந்ததும் அதே மாதம்தான்.

சரி, லீவர் என்றால் என்ன? விசைக்குக் கீழே கைப்பிடி மாதிரி ஒரு வளையம் இருக்கும். சுட்டதும் அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். துப்பாக்கியைத் தோளில் இருந்து இறக்க வேண்டாம், குறியில் இருந்து கண்ணை எடுக்கவும் வேண்டாம். பழகிய கைக்கு இரண்டாவது குண்டு ஓரிரு நொடியில் தயார்.

பலவீனமும் உண்டு. .405 தோட்டா கனமானது. அதனால் தூரம் கூடக்கூடக் குண்டு சட்டென்று கீழே இறங்கும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வெகுதூரத்தில் நிற்கும் வரிக்குதிரையையோ மானையோ சுட இது அவ்வளவு தோதில்லை. ரூஸ்வெல்ட்டே அதற்கு வேறு ரைஃபிள் வைத்திருந்தார். தரையில் படுத்துச் சுட்டால் லீவர் மண்ணில் இடிக்கும். தூசி புகுந்தால் சிக்கிக்கொள்ளும்.

ஆனால் தர்மபுரி, சத்தியமங்கலம் காடு வேறு மாதிரி. உண்ணிச்செடிப் புதரும் மூங்கிலும் மண்டிய இடத்தில் புலி கண்ணில் படுவதே இருபது, முப்பது அடி தூரத்தில்தான். அங்கே தூரம் முக்கியமில்லை. முதல் குண்டு தவறினால் இரண்டாவது எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. ஆப்பிரிக்காவில் பெயர் வாங்கிய துப்பாக்கி இந்தப் புதர்க்காட்டுக்குப் பொருந்திப்போனது இப்படித்தான்.

கும்மளாபுரத்தில் என்ன நடந்தது?

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளி பக்கம் இருக்கிறது கும்மளாபுரம். அங்கே ஒரு சிறுத்தை 42 பேரைக் கொன்றதாக ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். பொழுது சாய்ந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். சிறுத்தை கூரையைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குள் இறங்கிய சம்பவமும் நடந்தது.

பல ராத்திரி காத்திருந்தும் அது சிக்கவில்லை. கடைசியில் அவருக்குத் துணையாக அமைந்தது ஊரில் திரிந்த ஒரு தெருநாய். இருட்டில் மனுஷக் காதுக்குக் கேட்காததை அது கேட்டு உறுமியது. சுதாரித்துக்கொண்ட ஆண்டர்சன் சுட்டார். அந்த நாயை அப்படியே பெங்களூருவுக்குக் கூட்டிப்போய் வளர்த்தார்.

சுட்ட பிறகு அவர் செய்த வேலைதான் முக்கியம். சிறுத்தையின் உடலைக் கவனமாகப் பார்த்தார். பாதத்தில் முள்ளம்பன்றியின் முள் குத்தி உடைந்து உள்ளேயே இருந்தது. காலில் ரணத்தோடு மானைத் துரத்த முடியாது. ஓட முடியாத விலங்குக்குச் சுலபமான இரை மனுஷன்.

புலியைக் கெடுத்தது யார்?

ஜவளகிரிப் பெண் புலியின் கதை இன்னும் வலிக்கும். அதன் ஜோடியை வேட்டைக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். துணையைத் தேடி ராத்திரி ராத்திரியாகக் கத்தித் திரிந்தது அந்தப் புலி. அதன் தொந்தரவை நிறுத்த இன்னொருவர் சுட்டார். குண்டு பட்டது, ஆனால் சாகவில்லை. காயத்தோடு தப்பிய புலி அதற்குப் பிறகுதான் மனுஷனை அடிக்க ஆரம்பித்தது.

கடைசியில் ஆண்டர்சன் செய்தது, ஆண் புலி மாதிரி குரல் கொடுத்தது. துணை வந்துவிட்டது என்று நம்பி அது நெருங்கி வந்தது. சுட்டார். தான் செய்தது துரோகம் மாதிரி இருந்தது என்ற உறுத்தல் அவர் எழுத்தில் தெரிகிறது.

அவருடைய கதைகள் பலவற்றில் இதே பின்னணியைப் பார்க்கலாம். குறி தவறிய குண்டு, நாட்டுத் துப்பாக்கிக் காயம், உடைந்த பல், முள். எந்தப் புலியும் சிறுத்தையும் பிறவியிலேயே ஆட்கொல்லி இல்லை என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. இதில் முள்ளம்பன்றி மட்டும்தான் காட்டின் கணக்கு. மற்றதில் பெரும்பகுதி மனுஷன் கணக்கு. ஒரு துப்பாக்கி ஆரம்பித்து வைத்ததை முடிக்க இன்னொரு துப்பாக்கி தேவைப்பட்டது. ஆண்டர்சனின் .405 அந்த இரண்டாவது துப்பாக்கி.

தனி ஆளாகவா சாதித்தார்?

இல்லை. அவர் பெயர் சொல்லி எழுதிய இரண்டு பேர் இல்லாமல் இந்த வாழ்க்கைக் கதை முழுமையாகாது. ஒருவர் பென்னாகரம் பக்கத்து ரங்கா. இன்னொருவர் சின்னாறு ஓரம் வாழ்ந்த பழங்குடிப் பூசாரி பைரா. சட்டத்தின் கண்ணில் பைரா, அனுமதி இல்லாமல் மான் சுடுகிறவர். காட்டைப் படிப்பதில் ஆண்டர்சனுக்கு அவர் வாத்தியார். கால்தடம் எத்தனை மணி நேரப் பழசு, குரங்கு எதைப் பார்த்துக் கத்துகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எல்லாம் பைராவுக்கு அத்துப்படி.

இதில் இருக்கும் முரணையும் பார்க்க வேண்டும். லைசென்ஸ் வாங்கி வேட்டையாடிய துரைக்குப் பெயர் 'ஷிகாரி'. வயிற்றுப்பாட்டுக்குச் சுட்ட பழங்குடிக்குப் பெயர் 'திருடன்'. இருவரும் ஒரே பரணில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுத்தாளர் ஆனார். இன்னொருவர் அந்த எழுத்தில் மட்டும் மிஞ்சினார்.

அவர் சொன்னதெல்லாம் நிஜமா?

இந்தக் கேள்வியும் உண்டு. கதைகளில் பல இடங்களில் வருஷமும் தேதியும் தெளிவாக இருக்காது. ராத்திரியில், தனியாக, காட்டுக்குள் நடந்த சம்பவங்களுக்குப் பெரும்பாலும் அவரே சாட்சி. சாகசக் கதை படிக்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. பேய், மந்திரம் பற்றியும் அதே சுவாரசியத்தோடு எழுதியவர் அவர்.

ஆனால் இடங்கள் நிஜம். ஓடை, பள்ளம், பங்களா, ஊர்ப் பெயர் என்று அவர் காட்டிய வழியில் இன்றும் வாசகர்கள் தேடிப் போகிறார்கள். கன்னடத்தில் பூர்ணசந்திர தேஜஸ்வி இந்தக் கதைகளைத் தழுவி எழுதி, ஒரு தலைமுறைக்கே காட்டின் மேல் ஆசையை உண்டாக்கினார்.

துப்பாக்கி எப்போது ஓய்ந்தது?

வயது ஏற ஏற, சுடுவதைவிடக் காட்டில் சும்மா உட்கார்ந்து பார்ப்பதிலும் கேமராவிலும் ஆண்டர்சனுக்கு நாட்டம் கூடியது. தான் சுற்றிய காடுகள் சுருங்குவதையும், ஜீப்பில் வந்து லைட் அடித்துச் சுடும் கூட்டம் பெருகுவதையும் கோபத்தோடு எழுதினார்.

நாடும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,827 புலிகள்தான். அதே வருஷம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1973 ஏப்ரலில் புலிகள் பாதுகாப்புத் திட்டம். 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, பெங்களூருவில் புற்றுநோயால் ஆண்டர்சன் இறந்தார். அவர் எழுதிவைத்திருந்த இன்னொரு புத்தகம் 1976-ல் வெளியானது.

இப்போ புலி ஆளை அடித்தால் என்ன நடக்கும்?

இன்று எந்த வேட்டைக்காரருக்கும் தகவல் போகாது. சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துபூர்வமாக உத்தரவிட வேண்டும். பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, இடம் மாற்றவோ முடியாது என்று உறுதியானால்தான் சுடும் பேச்சே.

2021-ல் கூடலூர், மசினகுடி பக்கம் டி-23 என்ற புலி நான்கு பேர் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்டபோது இதுதான் நடந்தது. ஆண்டர்சன் புலி தேடிய அதே சீகூர் பகுதிதான் அது. சுட்டுக்கொல்லுங்கள் என்று மக்கள் கொதித்தார்கள். அவசரப்பட்டுக் கொல்லக் கூடாது என்றது உயர் நீதிமன்றம். மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு, அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். வயதான, உடம்பில் காயம் இருந்த புலி. ஆண்டர்சன் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது. பரப்பளவு 1,408 சதுர கிலோமீட்டர். 2010-க்குப் பிறகு புலிகளை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கியதற்காக 2022-ல் சர்வதேச விருதும் கிடைத்தது. புலி கூடினால், ஓரத்து ஊர்களில் மாடு மேய்ப்பவருக்கும் விவசாயிக்கும் ஆபத்தும் கூடத்தான் செய்யும். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு புலியைக் காப்பாற்றச் சொல்வது சுலபம். இழப்பீடு நேரத்துக்கு வந்தால்தான் அந்த ஊர்க்காரர் பொறுத்துக்கொள்வார்.

அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காயும், திருட்டுத்தனமாக இழுக்கிற மின்வேலியும் பன்றி எது, புலி எது என்று பார்ப்பதில்லை. சுருக்கில் காலைப் பறிகொடுத்துத் தப்புகிற சிறுத்தை என்ன ஆகும் என்பதற்குக் கும்மளாபுரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அடுத்த ஆட்கொல்லியைத் தடுக்க வேண்டுமென்றால், முதலில் தேட வேண்டியது புலியின் தடத்தை அல்ல, வேலியோரத்தில் யாரோ கட்டிவைத்த அந்தக் கம்பியை.