ஏழை உழவரின் ஆசான்

வளமிக்க நிலமும் ஆண்டுதோறும் ஒரே பயிரைத் தாங்குமாயின் நாளடைவில் உரமிழந்து நலியும். அங்ஙனம் நலிந்த நிலத்திற்கு வளமும், அந்நிலத்தை நம்பி வாடிய ஏழை உழவர்க்கு வழியும் காட்டியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஆவார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிசௌரி மாநிலத்து டைமண்ட் குரோவ் என்னும் சிற்றூரின் அருகே, 1864ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். அவர்தம் அன்னையார் மேரி, மோசஸ் கார்வர் என்னும் உழவரிடம் அடிமையாக இருந்தார். ஜார்ஜ் கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். மோசஸ் ஒரு குதிரையை ஈடாகக் கொடுத்துக் குழந்தையை மீட்டார். தாயோ மீளவே இல்லை. 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை நாடெங்கும் ஒழிந்தது. தாயை இழந்த குழந்தையை மோசஸும் அவர் மனைவியார் சூசனும் தம் இல்லத்திலேயே வளர்த்தனர்.

மெலிந்த உடலினராதலின் ஜார்ஜுக்குக் கடினமான வயல்வேலை இயலவில்லை. வீட்டுவேலை முடிந்தபின் செடிகொடிகளோடு பொழுது போக்கினார். வாடிய செடியைத் தழைக்கச் செய்யும் அவர் திறமையைக் கண்ட அயலார் அவரைச் செடி மருத்துவர் என்றே அழைத்தனர். உள்ளூர்ப் பள்ளி கறுப்பினச் சிறுவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, அவர் நியோஷோ என்னும் ஊருக்குச் சென்று, வீட்டுவேலை செய்துகொண்டே கல்வி பயின்றார். பின்னர், இடந்தர இசைந்த கல்லூரி ஒன்று, நேரிற் சென்ற அவருடைய நிறத்தைக் கண்டதும் மறுத்துவிட்டது. அவரோ மனந்தளர்ந்தாரல்லர், துணி வெளுத்துப் பொருளீட்டிப் படிப்பைத் தொடர்ந்தார். 1891ஆம் ஆண்டில் அயோவா வேளாண்மைக் கல்லூரியில் முதற் கறுப்பின மாணவராகச் சேர்ந்து, 1896ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே, அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கெனக் கல்வி நிலையம் நடத்திவந்த புக்கர் டி. வாஷிங்டன், கார்வரைத் தம் டஸ்கிகீ ஊருக்கு அழைத்தார். அங்கே ஆய்வுக்கூடமும் இல்லை, கருவிகளும் இல்லை. கார்வர் மாணவர்களுடன் சென்று, பிறர் எறிந்த புட்டிகளையும் கலங்களையும் பொறுக்கி வந்து, அவற்றையே கருவிகளாக்கிக் கொண்டார்.

சுற்றுப்புறத்து உழவரின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. அடிமைத்தளை நீங்கியும் அவருட் பெரும்பாலோர்க்குச் சொந்த நிலம் இல்லை. வாரத்திற்குப் பயிரிட்டனர். விதையும் உணவும் கடனாகப் பெற்று, அறுவடையில் பருத்தியைக் கொடுத்துக் கடன் தீர்க்க முயன்றனர். ஓயாத பருத்தியால் நிலம் வலிமை குன்றியது, விளைவு குறைந்தது, கடன் வளர்ந்தது. விலைகொடுத்து உரம் வாங்க அவர்களால் இயலவில்லை.

இதற்குப் பொருட்செலவில்லாத மருந்தைக் கார்வர் கூறினார். காராமணி, நிலக்கடலை முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்கு உணவாக்கும்; அதனால் மண்ணும் வளம் பெறும். எனவே, பருத்தியோடு இவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடுமாறு அறிவுறுத்தினார். காட்டுச் சருகும் சதுப்பு நிலச் சேறும் தொழுவத்து எருவும் நல்ல உரமாகும் என்பதைத் தம் ஆய்வு வயலில் மெய்ப்பித்துக் காட்டினார்.

கல்லூரிக்கு வர இயலாதவரிடம் கல்லூரியே செல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. 1906ஆம் ஆண்டில் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று டஸ்கிகீயிலிருந்து சிற்றூர்களுக்குப் புறப்பட்டது. மோரிஸ் ஜெசப் என்னும் செல்வர் பொருளுதவி செய்தமையால் அது ஜெசப் வண்டி எனப் பெயர் பெற்றது. உழவர்க்கு உழவும், பெண்டிர்க்கு உணவுப்பொருளைக் கெடாது காக்கும் முறையும் அவரவர் ஊரிலேயே கற்பிக்கப்பெற்றன. எளிய நடையில் பல சிறுநூல்களையும் கார்வர் வெளியிட்டார். நிலக்கடலையை உணவாக்கும் 105 வகைகளைக் கூறும் நூல் 1916ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நிலவுடையார் பருத்தியையே வற்புறுத்தியமையால், அவர் அறிவுரையை முழுதும் பின்பற்ற இயலாதவர் பலர். அத்தகையோர்க்கும் அவர் ஒரு வழி சொன்னார். குடிசையின் அருகே காய்கறித் தோட்டமிட்டால், உணவுக்காகப் படும் கடனேனும் குறையும் என்றார். பின்னர்க் கூன்வண்டு பரவிப் பருத்தியை அழித்தபோது, ஒரே பயிரை நம்புவதன் தீங்கு பலர்க்கும் விளங்கிற்று. நிலக்கடலைச் சாகுபடி பெருகிற்று.

1921ஆம் ஆண்டில் நிலக்கடலை இறக்குமதி வரி குறித்துப் பேசுமாறு நாடாளுமன்றக் குழுவின்முன் கார்வர் அழைக்கப்பெற்றார். முதலில் பத்து நிமிடமே அளித்த உறுப்பினர்கள், அவர் பேச்சைக் கேட்டு வியந்து மீண்டும் மீண்டும் நேரத்தை நீட்டித்தனர்.

கார்வர் மணம் செய்துகொள்ளவில்லை. சேமித்த பொருளை ஆராய்ச்சிக்கென வழங்கி, 1943ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த இடம் அவ்வாண்டே தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பெற்றது. எவருடைய கல்விக்குப் பள்ளி ஒரு காலத்தில் கதவடைத்ததோ, அவரே கல்வியை ஏழையரின் வாயிலுக்கு எடுத்துச் சென்றார். கற்ற கல்வி கல்லாதார்க்கும் பயன்படுவதே அதன் சிறப்பு என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.