அன்னா மணி: விரும்பிய பாடமும் கிடைத்த துறையும்

நம் தோட்டங்களில் மழை அளக்கும் மழைமானியைப் பார்த்திராத மாணவியர் சிலரே இருப்பர். அத்தகைய கருவிகளை இந்தியா தானே செய்துகொள்ள வழிசெய்த பெண்மணியும் ஒரு மலைப்பிரதேசத்தில் பிறந்தவரே.

அன்னா மணி 1918 ஓகஸ்ட் 23 அன்று, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் பிறந்தார். தந்தையார் பொறியியலாளர், ஏலக்காய்த் தோட்டங்களின் உரிமையாளர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அக்குடும்பத்தில் ஆண்பிள்ளைகளுக்கு உயர் உத்தியோகம், பெண்பிள்ளைகளுக்குத் திருமணம் என்பதே வழக்கம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு தர வீட்டார் முன்வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியத் தொகுதி வேண்டும் என்று கேட்டுப் பெற்றார் சிறுமி அன்னா.

வைத்தியராகும் எண்ணம் அவருக்கு இருந்தது. எனினும் தமக்கு நன்கு கைவந்த பௌதிகவியலையே தெரிவு செய்து, 1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சிறப்புப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பெற்று, பெங்களூரில் சேர். சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளியை உமிழும் விதத்தை இரவு பகலாக ஆராய்ந்தார். தோடாக வேண்டாமென்ற வைரம் ஆய்வுப் பொருளாக அவரிடம் வந்தது!

தனித்து ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டு, 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் சமர்ப்பித்தார். முதுமாணிப் பட்டம் இல்லையென்ற காரணத்தால் அவருக்குக் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது.

அதே ஆண்டில் இங்கிலாந்து செல்ல அரசாங்கப் புலமைப்பரிசில் வந்தது. அவர் விரும்பியது பௌதிகவியல் ஆராய்ச்சி. அங்கே கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. அதை ஏற்றுக்கொண்டார்.

1948இல் நாடு திரும்பி, பூனாவில் வளிமண்டலவியல் திணைக்களத்தில் சேர்ந்தார். அதுவரை சாதாரண கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்தே வந்தன. ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்கான வரைபடங்களைச் சீர்ப்படுத்தி, உள்நாட்டிலேயே உற்பத்தியைத் தொடக்கினார். 1957-58 சர்வதேச பூகோளப் பௌதிக ஆண்டின்போது, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை இந்தியாவின் பல பாகங்களிலும் நிறுவினார். பெங்களூரில் வைரத்தின் ஒளியை அளந்தவர், இப்போது சூரியனின் ஒளியை அளந்தார். பிரதிப் பணிப்பாளர் நாயகமாக 1976இல் ஓய்வு பெற்றார். அதன் பின்னும் கதிர்வீச்சுத் தரவுகளை நூல்களாக்கினார். 2001 ஓகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் எழும். பிடித்ததைப் படி என்பது ஒன்று. உழைக்கக்கூடியதைப் படி என்பது மற்றொன்று. தேயிலைக் கொழுந்து பறித்துப் படிக்கவைத்த தாயின் இரண்டாவது குரலை அலட்சியம் செய்ய முடியாது. இசட் புள்ளி வேறொரு பீடத்துக்கு அனுப்பிவிட்டால், எல்லாம் முடிந்ததென்று அழுத தங்கைகளையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் அன்னா மணியை அறிய வேண்டும். தெரிவு கையிலிருந்த வேளையில் அவர் பிடித்த பாடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தெரிவு கைநழுவிய வேளையில் அந்தப் பாடத்தையே புதிய துறைக்குள்ளும் எடுத்துச் சென்றார்.