காற்றால் வண்டி ஓட்டிய மெக்கார்ஸ்கி

நீராவி வண்டிக்குப் புகழ்தேடித் தந்த ஸ்டீவன்சனின் பெயரை அறியாத மாணவர் நம்முள் இலர். ஆயின், குதிரையுமின்றிப் புகையுமின்றி, அடைத்து வைத்த காற்றின் வலியாலேயே டிராம் வண்டிகளை ஓட்டிக் காட்டிய லூயி மெக்கார்ஸ்கியை நினைப்பார் சிலரே. பிரான்ஸ் தேசத்தில் தம் காலத்தே பெரும்பெயர் பெற்று விளங்கிய அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மெக்கார்ஸ்கி 1843-ஆம் ஆண்டில் கிளேர்மோன் பெரான் நகரில், போலந்து வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்தார். அவர் வளர்ந்து பொறித்தொழிலிற் புகுந்த காலத்தே, ஐரோப்பிய நகரங்களின் டிராம் வண்டிகளைக் குதிரைகளே இழுத்துவந்தன. அவற்றின் சாணம் தெருக்களை நிறைத்தது. தீவனச் செலவோ பெரிது. நீராவி யந்திரத்தைத் தெருவில் விடுவோமெனின், புகையும் தீப்பொறியும் மக்களை வருத்தின. இவ்விரு துன்பமுமற்ற வழியொன்றை நாடிய மெக்கார்ஸ்கி, அழுத்திய காற்றைத் துணைக்கொண்டார்.

காற்றை அழுத்தினால் அது சூடேறும். அழுத்தம் நீங்கி விரிந்தால் மிகக் குளிரும். அக்குளிரால் காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாய் உறைந்து யந்திரத்தை அடைத்துவிடும். முன்னோர் பலர் இடறிய இடம் இதுவே. மெக்கார்ஸ்கியோ, வண்டியிற் கொதிநீர்க் கலமொன்றை அமைத்து, காற்றை அந்நீரினூடே செலுத்தினார். வெம்மையும் நீராவியும் கலந்த காற்று உறையாமல் விரிந்ததன்றி, முன்னினும் மிகுந்த வேலையும் செய்தது. எளிதாகத் தோன்றும் இவ்வுபாயமே அவர் புகழுக்கு அடிப்படை என்க.

1876-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் இவ்வண்டி சோதிக்கப்பெற்றது. 1879-ஆம் ஆண்டில், லுவார் நதிக்கரையிலுள்ள நாந்த் நகரில் முறையான போக்குவரத்துத் தொடங்கிற்று. வண்டியின் அடித்தளத்தே பொருத்திய கலங்களில், வளிமண்டல அழுத்தத்தினும் ஏறத்தாழ 30 மடங்கு அழுத்தத்தோடு காற்று நிரப்பப்பட்டது. பின்னர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரும் 1890-ஆம் ஆண்டில் இம்முறையை மேற்கொண்டது.

ஆயினும் காற்று தானே ஆற்றலைப் பிறப்பிப்பதன்று. பிற ஆற்றலைச் சுமந்து செல்வது மட்டுமே. நிலையத்தில் நிலக்கரி எரித்தே காற்றை அழுத்தினர். அழுத்துங்கால் எழுந்த வெப்பத்திற் பெரும்பகுதி வீணாயிற்று. கம்பிவழி மின்சாரம் வந்தபின், இடையிடையே நின்று காற்று நிரப்பவேண்டிய வண்டி அதனோடு போட்டியிட இயலவில்லை. நாந்த் நகரில் 1917-ஆம் ஆண்டோடு காற்று வண்டி ஓய்ந்தது. மெக்கார்ஸ்கி 1923-ஆம் ஆண்டில் உலகவாழ்வை நீத்தார். தம் வண்டிகளின் முடிவையும் கண்டே அவர் மறைந்தார்.

அவர் எண்ணம் அவரோடு மறைந்திலது. 2007-ஆம் ஆண்டில் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனம், காற்றுக் கார் செய்யும் பொருட்டுப் பிரெஞ்சுப் பொறிவல்லாரான கீ நேக்ர் என்பாரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. எனினும் எதிர்பார்த்தவண்ணம் அக்கார் சாலைகளில் பெருகவில்லை. காரணத்தைக் கணக்கே காட்டும். 300 லிட்டர் கலத்தில் 300 மடங்கு அழுத்தத்தோடு அடைத்த காற்றினின்று, யாதொரு இழப்புமின்றிப் பெறினும், சுமார் 14 யூனிட் ஆற்றலே கிட்டும். அது 2 லிட்டர் பெட்ரோலின் வெப்ப ஆற்றலினும் குறைவு.

ஆகவே நெடுவழிக்குக் காற்று வண்டி ஏற்றதன்று என்பது தெளிவு. ஆயின் குறுகிய தூரமும், குறித்த நிலையமும், புகையற்ற தெருவும் வேண்டியவிடத்து அது நன்கு உழைத்தது. நாந்த் நகரத்து 38 ஆண்டுகளே அதற்குச் சான்று. பின்வந்த மின்சாரம் வென்றமையால் முன்வந்தார் முயற்சி பயனற்றதாகுமோ? ஆகாது. தம் காலத்து மக்களின் இடர் நீங்கத் தம் காலத்துக் கருவியைக்கொண்டு உழைத்தார் மெக்கார்ஸ்கி. ஒரு பொருளின் ஆற்றலை அறிதலோடு அதன் எல்லையையும் அறிதல் வேண்டும் என்பதே, அவர் வாழ்க்கையினின்று மாணவராகிய நாம் கற்கத்தகுவது.