அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன்: பொற்காசும் போர்வெற்றியும்

அவனிபசேகரன் என்னும் பெயரும் இரட்டைக் கயலும் பொறித்த பாண்டியப் பொற்காசினை ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனுக்கு (கி.பி. ஏறத்தாழ 815–862) உரியதாகக் கொள்வர். அவன் மகன் இரண்டாம் வரகுணனுக்கு உரியதென்பாரும் உளர். எனினும், சித்தன்னவாசல் கல்வெட்டு ஸ்ரீவல்லபனை இப்பட்டத்தாலேயே குறித்தலின் முன்னைய கருத்தே வலுவுடையது.

உரோமப் பேரரசர் பொற்காசில் வெற்றியை உருவமாகவே காட்டினர். கிளாடியசின் காசில் பிரித்தானிய வெற்றிக்குரிய வளைவு உண்டு. வெஸ்பாசியனின் காசில் யூதேயா நாடு சிறைப்பட்ட பெண்ணாக அமர்ந்திருக்கும். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான 501 உரோமப் பொற்காசுகள் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்தமை, அத்தகைய நாணயம் தமிழகத்தில் புழங்கியதைக் காட்டும். பாண்டியன் காசிலோ தோற்றவர் உருவம் இல்லை. வென்றவன் முகமும் இல்லை. அரசர்க்கு முடிமணி எனப் பொருள்படும் பட்டமே அங்கு வெற்றியைப் பேசுகிறது.

அவ்வெற்றிகளைச் சொல்லால் விரிப்பன ஆவணங்களே. அவன் பேரன் இராசசிம்மன் வெளியிட்ட சின்னமனூர்ப் பெரிய செப்பேடு குண்ணூர், விழிஞம், சிங்களம், குடமூக்கு ஆகிய களங்களை அடுக்குகிறது. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அடங்கிய இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் வட்டத்து எருக்கங்குடியிலுள்ள கல்வெட்டு, இருப்பைக்குடிகிழவன் எட்டிச்சாத்தன் செய்த அறங்களை இம்மன்னன் காலத்தனவாகக் கூறுகிறது.

ஆயின் தெள்ளாற்றில் மூன்றாம் நந்திவர்மனிடம் பெற்ற தோல்வி பல்லவர் தரப்பிலிருந்தே தெரியவருகிறது. ஈழத்துச் செய்தி இன்னும் கடுமையானது. முதலாம் சேனன் காலத்தில் பாண்டியப் படை அநுராதபுரத்தைக் கொள்ளையிட்டுப் பொற்புத்தர் படிமத்தையும் கருவூலத்தையும் கவர்ந்தது எனச் சூளவம்சம் கூறும். பின்னர் இரண்டாம் சேனனின் படை மதுரையைத் தாக்கி, கவர்ந்த செல்வத்தை மீட்டது. புண்பட்ட பாண்டியன் இறந்தான். பாண்டிய இளவரசன் ஒருவன் சிங்களரால் முடிசூட்டப்பெற்றான். சின்னமனூர்ச் செப்பேடு இதனைச் சொல்லவில்லை. பேரன் வெளியிட்ட ஆவணம் பாட்டனின் வீழ்ச்சியை மறைத்ததில் வியப்பில்லை. அதனை மட்டும் நம்பி இவன் வரலாற்றை எழுதுவதே தவறு.

திருவில்லிபுத்தூர் நினைவில் இவன் வேறொருவன். பெரியாழ்வார்க்குப் பொற்கிழி அளித்த வல்லபதேவனை இவனாகக் கொள்வார் உளர். பெரியாழ்வார் பாடலில் வரும் நெடுமாறன் என்னும் பெயரை அவர்கள் சான்றாக்குவர். வைணவ மரபின்படி, மதுரையில் பரம்பொருளை நிலைநாட்டிய விட்டுசித்தரை மன்னன் யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச்செய்தான். அங்கு வெற்றி உலா வந்தவர் புலவர். மன்னன் உடன் சென்றவன்.