மனோராணியின் மகன்

வெள்ளவத்தை நிலையத்தில் மாலை ரயிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு ரிச்சர்ட் டி சொய்சாவின் நினைவு வரும். அந்தத் தண்டவாளம் கடலோரமாகவே போகிறது. வழியில் வரும் கல்கிசையில்தான் அவர் படித்த புனித தோமஸ் கல்லூரி இருக்கிறது. அதையும் தாண்டினால் மொரட்டுவை. 1990 பெப்ரவரியில் அவருடைய உடல் கிடைத்தது அந்தக் கடலில்.

ரிச்சர்ட் 1958 மார்ச்சில் பிறந்தவர். தந்தை லூசியன் டி சொய்சா சிங்களவர். கிரிக்கெட் வீரர், நாடகக் கலைஞர். தாய் மனோராணி சரவணமுத்து தமிழர், வைத்தியர். ரிச்சர்ட் மேடையில் நடித்தார், ரூபவாஹினியில் செய்தி வாசித்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘யுகாந்தய’ படத்தில் முதலாளியான தந்தையை எதிர்க்கும் மகனாக வந்தார். 1983 ஜூலை வன்முறையைப் பற்றி ஆங்கிலத்தில் கவிதை எழுதினார்.

பின்னர் இன்டர் பிரஸ் சேர்விஸின் கொழும்புச் செய்தியாளரானார். ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லித் தெற்கில் இளைஞர்கள் கடத்தப்பட்டு எரிக்கப்பட்ட காலம் அது. அதை அவர் உலகத்துக்கு எழுதினார். லிஸ்பனில் புதிய பொறுப்பை ஏற்கப் புறப்பட இருந்தவரை, பெப்ரவரி 18 அதிகாலை ஆயுதம் தாங்கியவர்கள் ராஜகிரிய வீட்டிலிருந்து தாயின் கண்முன்னே இழுத்துச் சென்றார்கள். மறுநாள் துப்பாக்கிக் காயங்களோடு உடல் கிடைத்தது.

வந்தவர்களில் ஒருவரை மனோராணி பிறகு தொலைக்காட்சியில் அடையாளம் கண்டார். அவர் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ரொனி குணசிங்க. அவர்மீது வழக்கு வரவில்லை. மனோராணிக்கும் அவருடைய சட்டத்தரணிக்கும் கொலை மிரட்டல்தான் வந்தது. 1993 மே தினத்தில் கொட்டாஞ்சேனைக்கு அருகே ஆமர் வீதியில் ஜனாதிபதி பிரேமதாசவைக் கொன்ற குண்டில் குணசிங்கவும் இறந்தார். வேறு மூன்று பொலிஸார் 2005இல் விடுதலையானார்கள். அதைப் பார்க்க மனோராணி இல்லை. 2001இலேயே காலமாகிவிட்டார்.

ரிச்சர்ட் தன்பாலீர்ப்பு கொண்டவர். நண்பர்களுக்கு அது தெரிந்திருந்தது. கொலைக்குப் பிறகு அதுவே அவருக்கு எதிரான கிசுகிசுவானது. கொன்றவர் யார் என்ற கேள்வியை, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியாகத் திருப்பும் வேலை அது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை அதற்கு வசதியாக இருந்தது, இன்றும் இருக்கிறது. 1995இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

ஆதரவாகப் பேசியவர்களையும் விடவில்லை. லெஸ்பியன் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடம் விடச் சொன்ன ஒரு கடிதத்தை ஆங்கிலப் பத்திரிகை ஒன்று பிரசுரித்தது. செயற்பாட்டாளர் ஷேர்மன் டி ரோஸ் அதற்கு எதிராக முறையிட்டார். 2000இல் பத்திரிகைப் பேரவை பத்திரிகையின் பக்கமே நின்றது. செலவுப் பணத்தையும் அவரையே கட்டச் சொன்னது.

மனோராணி மகனைப் பற்றி வெட்கப்படவில்லை. தெற்கின் அன்னையர் முன்னணிக்குத் தலைமை ஏற்று, மற்றத் தாய்மாரின் பிள்ளைகளுக்காகவும் தெருவில் நின்றார். 1984இலேயே யாழ்ப்பாணத்தில் எங்கள் தாய்மார் அப்படி நின்றிருந்தார்கள். 2017 முதல் கிளிநொச்சியிலும் நிற்கிறார்கள்.

அந்தப் படங்களில் இருக்கும் பிள்ளைகளிலும் ரிச்சர்டைப் போன்றவர்கள் இருந்திருப்பார்கள். தாய்மார் கேட்பது பிள்ளை எங்கே என்றுதான். அவன் யாரை நேசித்தான் என்று கேட்டு அந்தக் கேள்வியை நாங்கள் மறைத்துவிடக் கூடாது.