69 தொடர் வெற்றிகள்... ஒரே மாலையில் முடிந்த கதை! சுமோ ஜாம்பவான் ஃபுதபயாமா யார்?

1939 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோவின் ர்யோகோகு பகுதியில் இருந்த கொகுகிகான் சுமோ அரங்கில் எள் போட்டால் எள் விழாது. ஜனவரி மாதத் தொடரின் நான்காம் நாள் அது. காலையில் இருந்தே கடைநிலை வீரர்களின் போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. ஆனா கூட்டம் காத்திருந்தது மாலையில் வரப்போகும் ஒரே ஒருவருக்காகத்தான்.

அவர் பெயர் ஃபுதபயாமா சதாஜி. சுமோவின் உச்சப் பட்டமான யோகோசுனாவை வைத்திருந்தவர். அன்றைக்கு முன்னால் அவர் கடைசியாகத் தோற்றது 1936 ஜனவரியில். அதாவது கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். அதுவரை தொடர்ச்சியாக 69 வெற்றிகள். அன்று 70ஆவது வெற்றியைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் எல்லாரும் வந்திருந்தார்கள்.

மொத்தக் கூட்டத்துக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. மூன்று ஆண்டுகளாக யாராலும் சாய்க்க முடியாத அந்த மனிதருக்கு வலது கண் பார்வை கிட்டத்தட்ட கிடையாது.

யார் இந்த ஃபுதபயாமா?

ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷு தீவில், ஓய்தா மாகாணத்தின் ஊசா பகுதியில் 1912 பிப்ரவரி 9 அன்று பிறந்தார். இயற்பெயர் அகியோஷி சதாஜி. அப்பா சரக்குப் படகுத் தொழில் செய்தவர். தொழில் நொடித்துப்போய் குடும்பம் கடனில் விழுந்தது. அம்மாவும் சின்ன வயசிலேயே இறந்துவிட்டார். பள்ளிக்கூடப் பருவத்திலேயே பையன் அப்பாவோடு படகில் வேலைக்குப் போனான்.

கண் போனது அதற்கும் முன்னால். சுமார் ஐந்து, ஆறு வயதில் விளையாடும்போது ஊதுகுழல் அம்பு ஒன்று வலது கண்ணில் பாய்ந்தது. பிறகு படகில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி வலது கையின் சுண்டுவிரல் நுனி போனது. சுமோவில் எதிராளியின் இடுப்புக் கச்சையைப் பிடிக்கும் பிடிதான் பாதிப் போட்டி. அந்தப் பிடியில் கடைசியாக இறுக்குவது சுண்டுவிரல்தான். ஒரு மல்யுத்த வீரனுக்கு இதைவிட மோசமான தொடக்கம் வேறு என்ன இருக்க முடியும்?

இருந்தும் உள்ளூரில் பலசாலிப் பையன் என்ற பேர் பரவியது. மாகாணக் காவல்துறை அதிகாரி ஒருவர் மூலம் டோக்கியோவின் தட்சுனாமி பயிற்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். 1927 மார்ச்சில் முதல் போட்டி. அப்போது வயது 15.

ஃபுதபா என்றால் விதையில் இருந்து வெளிவரும் முதல் இரண்டு இலைகள். சந்தன மரம் இரண்டு இலை விடும்போதே மணக்கும் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. நம்ம ஊரின் விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதன் ஜப்பானிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இருந்துதான் இந்தப் பெயர் வந்தது. ஆனா உண்மையில் இந்தப் பயிர் முளையிலே ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கீழ்நிலைப் பிரிவுகளில் ஒரு கோப்பைகூட ஜெயிக்காமல், மெல்ல மெல்லத்தான் ஏறினார்.

அடித்தது அதிர்ஷ்டம்

1932 ஜனவரியில் சுமோ உலகமே இரண்டாகப் பிளந்தது. சம்பளம் போதவில்லை, சங்கத்தின் கணக்கு வழக்கு சரியில்லை, டிக்கெட் விலை சாதாரண மக்களுக்கு எட்டவில்லை என்று சொல்லி தென்ர்யூ என்ற முன்னணி வீரர் தலைமையில் பெருங்கூட்டமாக வீரர்கள் வெளியேறினார்கள். அவர்கள் கூடிய சீன உணவகத்தின் பெயரால் இது ஷுன்ஜுயென் விவகாரம் எனப்படுகிறது.

மேல் பிரிவில் ஆளே இல்லை. காலி இடங்களை நிரப்ப இரண்டாம் பிரிவில் இருந்தவர்களை சங்கம் அவசரமாக மேலே ஏற்றியது. அப்படி ஏறியவர்களில் ஒருவர்தான் 20 வயது ஃபுதபயாமா. தகுதிக்கு முன்பே வந்த பதவி உயர்வு என்று சொன்னால் தப்பில்லை.

அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகள் அவர் ஒரு சராசரி வீரர். எதிராளி தள்ளிக்கொண்டே வருவார், இவர் விளிம்பு வரை பின்வாங்குவார், கடைசி நொடியில் இடுப்பை வளைத்து அவரைப் பின்னால் தூக்கிப் போடுவார். உச்சாரி என்று பெயருள்ள இந்த உத்திதான் அவருடைய அடையாளம். விழப்போகிறவன் செய்கிற வேலை என்று விமர்சகர்களுக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. ஆனா அலையில் ஆடும் படகில் வளர்ந்த கால்களும் இடுப்பும் விளிம்பில் நிற்கப் பழகியிருந்தன. உடம்பில் எடை ஏற ஏற, பின்வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அப்புறம் நடந்ததுதான் சரித்திரம்.

69 எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் இப்போது போல ஆண்டுக்கு ஆறு பெரிய தொடர்கள் கிடையாது. ஜனவரி, மே என இரண்டே தொடர்கள். ஒவ்வொன்றும் 11 நாட்கள். ஒரு நாளைக்கு ஒரு போட்டி. அதனால்தான் 69 வெற்றிக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

1936 ஜனவரித் தொடரின் ஆறாம் நாள், அப்போதைய யோகோசுனா தமநிஷிகியிடம் தோற்றார். ஏழாம் நாள் நியோனோஉரா என்ற வீரரை வென்றார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அந்தத் தொடரின் கடைசி 5 நாட்களும் வெற்றி. மே மாதம் 11க்கு 11, முதல் சாம்பியன் பட்டம். அந்தத் தொடரில் தமநிஷிகியையும் முதன்முறையாக வீழ்த்தினார். 1937 ஜனவரியில் மறுபடி 11க்கு 11.

அவரைப் பார்க்க வந்த கூட்டத்தை 11 நாட்களில் அடக்க முடியவில்லை. 1937 மே முதல் தொடர் 13 நாட்களானது. அதிலும் 13க்கு 13. சுமோ வரலாற்றின் 35ஆவது யோகோசுனாவாக உயர்ந்தார். 1938இல் இரண்டு தொடர்கள், இரண்டிலும் 13க்கு 13. கூட்டிப் பார்த்தா 66. பதினெட்டாம் நூற்றாண்டு மாவீரர் தனிகாஸேயின் 63 என்ற சாதனை 150 ஆண்டுகளுக்கும் மேல் நின்றது. அதுவும் அந்த மே மாதம் தகர்ந்தது.

போட்டியைத் தொடங்குவதில்கூட அவர் தனி ரகம். சுமோவில் இரண்டு பேரும் ஒரே மூச்சில் பாய வேண்டும். தோது வரவில்லை என்றால் பொறு என்று தள்ளிப்போடுவது சகஜம். ஃபுதபயாமா தள்ளிப்போடவே மாட்டார். எதிராளி எப்போது பாய்ந்தாலும் ஏற்றுக்கொண்டு, ஒரு கணம் பிந்திக் கிளம்புவது போலத் தெரிந்தாலும் பிடி விழும்போது தனக்குச் சாதகமாக மாற்றிவிடுவார். பாதிப் பார்வையோடு இருப்பவர் முந்திப் பாய்வதைவிட, வருவதை உடம்பால் உணர்ந்து வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. அந்தப் பாணியின் காரணம் ரசிகர்களுக்குப் புரிந்தது, அவர் ஓய்வு பெற்று கண் விஷயம் வெளியே வந்த பிறகுதான்.

உடம்பு விட்டுக்கொடுத்தது

1937இல் இருந்து ஜப்பான் சீனாவோடு போரில் இருந்தது. சுமோ வீரர்கள் மஞ்சூரியா, சீனப் பகுதிகளுக்குச் சுற்றுப்பயணம் போவது வழக்கமானது. 1938இல் அப்படிப் போன இடத்தில் ஃபுதபயாமாவுக்குக் கடுமையான அமீபா வயிற்றுக்கடுப்பு. சுமார் 128 கிலோ இருந்த உடம்பு 20 கிலோவுக்கும் மேல் இளைத்தது.

ஜனவரித் தொடரில் ஓய்வெடுப்பதுதான் நியாயம். ஆனா டிசம்பரில் மூத்த யோகோசுனா தமநிஷிகி குடல்வால் அழற்சி முற்றி திடீரென இறந்துபோனார். அவரும் இல்லை, இவரும் இல்லை என்றால் தொடர் என்னாவது? தேறாத உடம்போடு களத்தில் இறங்கினார். முதல் மூன்று நாட்களும் வெற்றி. எண்ணிக்கை 69.

அந்த மாலையில் நடந்தது என்ன?

நான்காம் நாள் எதிராளி அகினோஉமி. வயது 24, ஹிரோஷிமாக்காரர், மேல் பிரிவின் நடு வரிசை. ஃபுதபயாமாவோடு மோதுவது அதுதான் முதல் முறை. ஆனா அவர் தனியாக வரவில்லை என்றே சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால் தேவானோஉமி என்ற மிகப் பெரிய பயிற்சிக்கூடமே இருந்தது. ஃபுதபயாமாவைச் சாய்ப்பது எப்படி என்று அங்கே கூடிக்கூடிப் பேசினார்கள். அந்த ஆலோசனைக்கு மூளை, வாசேதா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கசாகியாமா என்ற வீரர். படித்த சுமோ வீரர் என்பதே அந்தக் காலத்தில் அபூர்வம். அவர்கள் கண்டுபிடித்தது இதுதான்: வலது கால் பக்கம் தாக்க வேண்டும்.

இருவரும் மோதினார்கள். அகினோஉமி நெருக்கமாகப் புகுந்து ஒட்டிக்கொண்டார். அவரை உதற ஃபுதபயாமா வலது கையால் வாரி எறியப் பார்த்தார். அந்த நொடியில் அகினோஉமியின் இடது கால் வெளிப்புறமாக வந்து, ஃபுதபயாமாவின் வலது காலைக் கொக்கி போல வளைத்தது. பெரிய உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து மண்ணில் விழுந்தது.

வானொலியில் நேரடி வர்ணனை செய்துகொண்டிருந்த வதா ஷின்கென் கண்ணால் பார்த்ததை நம்ப முடியாமல், பக்கத்தில் இருந்தவரிடம் தோற்றது அவர்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு நாட்டுக்குச் சொன்னார். அரங்கில் உட்காரும் மெத்தைகள் பறந்தன. குளிருக்கு வைத்திருந்த கணப்புச் சட்டிகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

இந்த அமளிக்கு நடுவே ஒருவர் மட்டும் அமைதியாக இருந்தார். ஃபுதபயாமா எழுந்தார், வழக்கம்போலத் தலை வணங்கினார், வழக்கம்போல நடந்து வெளியே போனார். ஜெயித்த 69 நாட்களுக்கும் தோற்ற ஒரு நாளுக்கும் அவர் நடையில் வித்தியாசம் தெரியவில்லை என்று பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவர் மனசில் என்ன ஓடியது என்பதற்குப் பிறகு அவர் அனுப்பிய ஒரு தந்திதான் சாட்சி. சீனாவின் பழைய தத்துவ நூல் ஒன்றில் ஒரு சண்டைச் சேவல் கதை வரும். அரசனுக்காக ஒருவர் சேவலைப் பழக்குகிறார். முதலில் அது வீறாப்பு காட்டுகிறது, பிறகு நிழலைக் கண்டாலே சிலிர்க்கிறது. கடைசியில் மற்ற சேவல் கூவினாலும் அசையாமல் மரத்தால் செய்த சேவல் போல நிற்கிறது. அதன் பிறகு அதோடு மோத எந்தச் சேவலும் வரவில்லை. அறிஞர் யசுவோகா மசஹிரோ மூலம் இந்தக் கதை ஃபுதபயாமாவுக்குத் தெரியும். தான் இன்னும் அந்த மரச்சேவல் ஆகவில்லை என்பதுதான் தந்தியின் சாரம்.

தோல்வி ஒன்றோடு நிற்கவில்லை

மறுநாள் எதிராளி ர்யோகோகு. அவரிடமும் தோல்வி. இந்த ர்யோகோகு வேறு யாருமில்லை, மூன்று ஆண்டுகளுக்கு முன் 69இல் முதல் வெற்றிக்கு இரையான அதே நியோனோஉராதான், பெயரை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அதற்கு அடுத்த நாளும் தோல்வி. 9 வெற்றி, 4 தோல்வியோடு தொடர் முடிந்தது. அவ்வளவுதான், ஃபுதபயாமா கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

மே மாதம் தொடர் 15 நாட்களாக நீட்டப்பட்டது. இன்றைய நடைமுறையும் அதுதான். முதல் 15 நாள் தொடரில் 15க்கு 15 எடுத்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? மொத்தம் 12 சாம்பியன் பட்டங்கள், அதில் 8 ஒரு தோல்விகூட இல்லாதவை. அகினோஉமியும் சாதாரண ஆள் இல்லை, 1942இல் யோகோசுனா ஆனார். ஆனா அந்த ஒரு மாலைக்குப் பிறகு ஃபுதபயாமாவை அவரால் ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை.

1945இல் போரோடு சேர்ந்து அவருடைய ஆட்டமும் முடிந்தது. அதன் பின் வந்தது இருண்ட காலம். 1947 ஜனவரியில் கனசாவா நகரில், ஜிகோசன் என்ற பெண் சாமியாரின் கூட்டத்தை போலீஸ் சுற்றி வளைத்தபோது, உள்ளே இருந்து போலீஸைத் தடுத்து மல்லுக்கட்டியவர் ஃபுதபயாமா! நாடே கொண்டாடிய வீரர் கைதான செய்தி பத்திரிகைகளில் வந்தது. நல்லவேளையாக அந்தக் கூட்டத்தில் இருந்து சீக்கிரமே விலகி சுமோவுக்குத் திரும்பினார்.

1957இல் சுமோ சங்கத்தின் தலைவரானார். வீரர்களுக்கு மாதச் சம்பளம், ஆண்டுக்கு ஆறு தொடர்கள், நிர்வாகிகளுக்கு 65 வயதில் கட்டாய ஓய்வு என இன்றைய சுமோவின் அமைப்பு பெரும்பாலும் அவர் காலத்தில் வந்தது. 1932இல் வெளியேறிய வீரர்கள் கேட்டதும் இப்படியான மாற்றங்களைத்தான். அவர்கள் போனதால் மேலே வந்தவர், கால் நூற்றாண்டு கழித்து அதில் சிலவற்றைச் செய்து காட்டினார். பதவியில் இருக்கும்போதே 1968 டிசம்பர் 16 அன்று கல்லீரல் பாதிப்பால் இறந்தார். வயது 56.

சாதனையை யாராவது நெருங்கினார்களா?

1988இல் சியோனோஃபுஜி 53 வரை வந்தார். அதற்குப் பிறகு மங்கோலியாவில் பிறந்த ஹகுஹோ. ஃபுதபயாமாவை முன்மாதிரியாகக் கொண்டு, பிந்திக் கிளம்பி முந்திப் பிடிக்கும் அந்தப் பாணியையும் பயின்றவர். 2010 நவம்பரில் 63 வெற்றிகளோடு, தனிகாஸேயின் எண்ணைத் தொட்டு நின்றார். இன்னும் ஏழு வெற்றி போதும். தொடர் நடந்தது ஃபுதபயாமா பிறந்த அதே கியூஷு தீவில், ஃபுகுவோகா நகரில். இரண்டாம் நாள், நவம்பர் 15. கிசெனோசாதோ என்ற வீரர் அவரைக் களத்துக்கு வெளியே தள்ளினார்.

69 இன்னும் அப்படியே இருக்கிறது.